டிரஃபால்கர் போருக்குப் பிறகு மாலுமிகளுக்குப் பிரைஸ் மணி எப்படிக் கிடைத்தது? எங்கே தேடுவது?

டிரஃபால்கர் என்பது 1805இல் பிரெஞ்சு-ஸ்பானியக் கடற்படையைப் பிரிட்டிஷ் கடற்படை வென்ற போர். பிரைஸ் மணி என்பது பிடித்த எதிரிக் கப்பலை விற்ற பணத்தில் கிடைத்த பங்கு. அதைப் போர் முடிந்ததும் கப்பலிலேயே பிரித்துக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. பிடித்த எதிரிக் கப்பலை கடல் வழக்குகளை விசாரித்த அட்மிரால்டி நீதிமன்றம் சட்டப்படி பிடித்ததுதான் என்று ஏற்க வேண்டும், அப்புறம் கப்பல்காரர்கள் சார்பில் பணத்தைக் கவனித்த ஏஜென்ட் அதை விற்று, செலவும் கமிஷனும் போக மிச்சத்தை எட்டுப் பங்காக்குவார். அன்றைய விதிப்படி கேப்டனுக்கு 3 பங்கு (அதில் 1 அட்மிரலுக்கு), சாதாரண மாலுமிகள் எல்லோருக்கும் சேர்த்தே 2 பங்குதான். 1808இல்தான் அதை, கீழ்நிலை அதிகாரிகளையும் சேர்த்து, 4 ஆக்கினார்கள்.

1805 அக்டோபர் 21இல் பிடித்த கப்பல்களில் பெரும்பாலானவை பின்னால் வந்த புயலில் போய்விட்டன, ஜிப்ரால்டர் போய்ச் சேர்ந்தவை நான்குதான். அதனால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் தனியாக 3 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. ஒரு கேப்டனுக்குப் பிரைஸ் மணி மட்டும் 973 பவுண்டு. உயிரைக் கொடுத்துப் பீரங்கி இழுத்த மாலுமிக்கு 1 பவுண்டு 17 ஷில்லிங் 6 பென்ஸ், அரசு மானியமாக இன்னொரு 4 பவுண்டு 12 ஷில்லிங் 6 பென்ஸ். இந்த வித்தியாசத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும்.

சரி, தேடுவது எப்படி? முதலில் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டின் பழைய இதழ்களை இணையத்தில் பாருங்கள், எந்தக் கப்பலுக்கு எந்த நாளில் எங்கே பணம் தரப்படும் என்று அன்று ஏஜென்ட்கள் அதில்தான் அறிவித்தார்கள். பிறகு லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் கப்பலின் ஆள்பட்டியலை எடுத்து, உங்கள் மாலுமி அன்று அதில் இருந்தாரா, என்ன பதவி என்று பாருங்கள். பதவி தெரிந்தால்தான் பங்கு தெரியும்.