இரவு 3 மணிக்குச் சீனி டப்பாவைத் திறந்தவர் உங்களை ஏமாற்றவில்லை

கேள்வி: எனக்கு 51 வயது, கணவருக்கு 57. அவருக்கு ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை காலையும் இரவும், ரத்த அழுத்தத்துக்கு மெட்டோபிரொலால். ஒரு மாதத்துக்கு இருவரும் சேர்ந்து சீனி, காபி, பிஸ்கட், படுக்கப் போகும்முன் கொறிப்பது எல்லாவற்றையும் விட்டுவிட்டோம். ஏழு மணிக்கு மேல் எதுவும் சாப்பிடுவதில்லை. இன்று 12ஆம் நாள். எனக்கு முதல் வாரம் தலை பிளந்தது, தினமும் மாத்திரை போட்டேன். இன்னும் விட்டுவிட்டு வருகிறது. மலச்சிக்கல், நாக்கில் வெள்ளைப் படிவு, முடி கொட்டுவது எல்லாம் இருக்கிறது. நச்சு வெளியேறுகிறது என்று இணையத்தில் படித்தேன். அவருக்கு இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, காலையில் எரிந்து விழுகிறார். நான்கு நாள் முன்பு இரவு 3 மணிக்குச் சமையலறையில் நின்று சீனியை அள்ளித் தின்றுகொண்டிருந்தார். கேட்டால் “ஏன் வந்தேன்னு தெரியலை” என்கிறார். பெரிய சண்டை. மறுநாள் காலை சர்க்கரை அளவு 196. இரவு மாத்திரையை அரை கூட்டலாமா? சீனிக்கு அடிமையானவர்கள் இப்படித்தான் திருட்டுத்தனம் செய்வார்களா? இனி அவரை எப்படி நம்புவது?

பதில்: கூட்டாதீர்கள். அரை இல்லை, கால் மாத்திரைகூட வேண்டாம். இதைப் படித்ததும் முதல் வேலையாக, அவருக்கு அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த மருத்துவரைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். “சாப்பாட்டைக் குறைத்துவிட்டோம், மாத்திரையைக் குறைக்கவில்லை, இரவில் வியர்க்கிறது” என்று சொல்லுங்கள். இந்த மூன்றும் போதும், மீதியை அவரே கேட்டுக்கொள்வார்.

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் கணவருக்கு இரவில் ரத்தச் சர்க்கரை இறங்குகிறது. ‘லோ சுகர்’ என்று சொல்வார்களே, அதுதான். கருவியில் அளந்து பார்க்காமல் நூறு சதவீதம் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் கிளிமிபிரைடு சாப்பிடுகிற ஒருவர் நடு இரவில் உடை நனைய வியர்த்து, அரைத் தூக்கத்தில் எழுந்துபோய், ஏன் என்று தெரியாமல் இனிப்பைத் தேடினால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை அது லோ சுகர்தான். ஆசை, அடிமைத்தனம், மன உறுதிக் குறைவு என்று அதற்கு எந்தப் பெயரும் வைக்காதீர்கள். மூளைக்குப் போகிற குளுக்கோஸ் குறைந்தால் உடம்பு தானாகவே மனிதரை எழுப்பி நடக்க வைக்கலாம். “தெரியலை” என்று அவர் சொன்னது உண்மை. அந்த நேரத்தில் மூளை தெளிவாக வேலை செய்யாது; காலையில் பலருக்கு நினைவே இருக்காது. அன்றைக்கு அந்த டப்பாவை அவர் கையிலிருந்து நீங்கள் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

ஏன் இப்படி ஆனது? சர்க்கரை மாத்திரைகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் ஒரு மாதம் இனிப்பையும் பிஸ்கட்டையும் விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு, கிளிக்கிளசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகள் வேறு மாதிரி. அவை கணையத்தைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. வழக்கம்போலச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. மருத்துவர் அந்த மாத்திரையின் அளவை முடிவு செய்தபோது உங்கள் கணவர் மாலையில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார், காபியில் சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார், படுக்கும்முன் ஏதோ கொறித்துக்கொண்டிருந்தார். அதையெல்லாம் மருத்துவரிடம் சொல்லியிருக்க மாட்டார். ஆனால் ரத்தப் பரிசோதனையில் அதெல்லாம் சேர்ந்துதான் வந்தது, அந்த அளவுக்குத்தான் மருந்து எழுதப்பட்டது. இப்போது தின்பண்டம் போய்விட்டது, அதைச் சமாளிக்க எழுதிய மருந்து மட்டும் அப்படியே இருக்கிறது. போதாக்குறைக்கு ஏழு மணிக்கே சாப்பாட்டை முடித்துவிடுகிறீர்கள். அப்புறம் காலை வரை வயிறு காலி. மாத்திரையின் வேலையோ விடிய விடிய நடக்கும். நீங்கள் எடுத்த முடிவு நல்ல முடிவுதான். மருந்தைத் திருத்தாமல் தொடங்கியதுதான் தப்பு.

காலையில் வந்த 196 உங்களைப் பயமுறுத்தியிருக்கிறது. அது அவர் இரவில் தின்ற சீனி. கூடவே, சர்க்கரை இறங்கியதும் அதைத் தூக்கிவிட உடம்பு சுரந்த அட்ரினலின், குளுகோகான் போன்ற ஹார்மோன்களின் வேலையும் கொஞ்சம் இருக்கும். அந்த எண்ணைப் பார்த்து மாத்திரையைக் கூட்டினால், இறங்கிக்கொண்டிருக்கிற சர்க்கரையை இன்னும் கீழே தள்ளுவீர்கள். காலை அளவை மட்டும் பார்த்துத் தாங்களே மருந்தைக் கூட்டிக்கொண்டு, நினைவில்லாமல் கொண்டுவரப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். உடன் வந்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: “சுகர் அதிகமாத்தானே இருந்தது, டாக்டர்?”

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் மெட்டோபிரொலால் சாப்பிடுகிறார். சர்க்கரை இறங்கும்போது சாதாரணமாக நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். அந்த அபாய மணியை இந்த வகை ரத்த அழுத்த மாத்திரைகள் அமுக்கிவிடும். வியர்வையை மட்டும் அமுக்காது. அதனால் உங்கள் வீட்டில் வியர்வைதான் எச்சரிக்கை. பின்கழுத்திலும் முதுகிலும் சில்லென்ற ஈரம், நனைந்த தலையணை, கெட்ட கனவில் முனகல், காலையில் தலைவலி, காரணமில்லாத கோபம் இவற்றில் எதைக் கண்டாலும் உடனே விரலில் குத்திப் பாருங்கள். காரணமில்லாத கோபம் என்று நான் எழுதியதை இரண்டு தடவை படியுங்கள். காலையில் அவர் எரிந்து விழுவதற்கு உங்கள் மேல் உள்ள வெறுப்பு காரணமாக இருக்கத் தேவையில்லை. பக்கத்தில் படுத்திருக்கிற நீங்கள்தான் இதையெல்லாம் முதலில் பார்க்க முடியும். அவரால் முடியாது.

இன்று இரவு என்ன செய்வது? மருத்துவர் வேறு சொல்லும் வரை அவருடைய சாப்பாட்டைப் பழைய அளவுக்கும் பழைய நேரத்துக்கும் கொண்டுவந்துவிடுங்கள். சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுவிட்டோ விட்டுவிட்டோ அந்த மாத்திரையை விழுங்கவே கூடாது. படுக்கும்முன் ஒரு தடவை அளந்து பாருங்கள். அலாரம் வைத்து 3 மணிக்கு ஒரு தடவை பாருங்கள். இரண்டையும் நேரத்தோடு எழுதி வையுங்கள். 70க்குக் கீழே இருந்தால் அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் உடனே 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். குளுக்கோஸ் இல்லாவிட்டால் தேக்கரண்டியில் தலைதட்டி நான்கு கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். சாக்லேட்டும் பிஸ்கட்டும் இதற்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் 70ஐத் தொடவில்லையென்றால் திரும்பவும் அதே அளவு கொடுங்கள். ஏறிய பிறகு ஏதாவது கெட்டியான உணவு கொஞ்சம் சாப்பிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். ஒருவேளை அவருடைய மருந்துச் சீட்டில் அகார்போஸ், வோக்லிபோஸ் என்ற பெயர்கள் இருந்தால் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சு குழறினால், சொல்வது புரியாமல் முழித்தால், வலிப்பு வந்தால், எழுப்பினால் எழாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றியதும் அவர் எழுந்து உட்கார்ந்து வீட்டுக்குப் போகலாம் என்பார். போகவிடாதீர்கள். இந்த வகை மாத்திரையால் இறங்கிய சர்க்கரை அன்று முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், திரும்பத் திரும்ப இறங்கும். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்தவர்களுக்கு மருந்து உடம்பை விட்டுப் போக இன்னும் நாளாகும். அதனால் மருத்துவரைப் பார்க்கும்போது கிரியாட்டினின் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். இதெல்லாம் சரியாகும் வரை அவர் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

அடிமைத்தனக் கதைக்கு வருகிறேன். சீனியும் போதைப்பொருளும் ஒன்று, விட்டால் உடம்பு துடிக்கும், திருடத் தோன்றும் என்று யாரோ எழுதிவைத்ததைப் படித்துவிட்டு நீங்கள் ஒரு நோயாளியைத் திருடனாகப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வருவது உங்கள் மேல் இல்லை. எழுதியவருக்கு உங்கள் கணவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரியாது; ஒரே ஒரு வரி, “சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்” என்று போட்டிருந்தால் இந்தப் பன்னிரண்டு நாள் வேறு மாதிரி போயிருக்கும். இனிப்பை விட்டால் சில நாள் நாக்கு அதைத் தேடும், மனசு கொஞ்சம் அலையும். ஆனால் அதற்காக யாருக்கும் தூக்கத்தில் படுக்கை நனைய வியர்க்காது.

உங்கள் விஷயம் எளிது. தலைவலி காபியை விட்டதால் வந்தது. கடைசிக் கோப்பைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு 12ஆம் நாளும் வருகிறது என்றால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். காஃபீன் என்று போட்டிருக்கிறதா? பல தலைவலி மாத்திரைகளில் ஒன்றுக்கு 30 முதல் 65 மில்லிகிராம் வரை காஃபீன் சேர்த்திருப்பார்கள். இருந்தால், கோப்பையில் விட்டதை மாத்திரையில் விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள், தலைவலியும் முடியாமல் இழுத்துக்கொண்டே போகிறது. நிறுத்துங்கள். சில நாள் கஷ்டமாக இருக்கும், அதோடு சரி. இந்த மாதிரிக் கூட்டு மாத்திரைகளை மாதத்துக்கு 10 நாளுக்கு மேல் போடும் பழக்கம் தொடர்ந்தால், பிறகு மாத்திரையே தலைவலியைக் கொடுக்கும்.

மலச்சிக்கலுக்கும் காபியை விட்டதுதான் காரணமாக இருக்கும். காலையில் குடலை எழுப்பிவிட்டுக்கொண்டிருந்தது அது. தண்ணீரும் நார்ச்சத்தும் நடையும் போதும். நாக்கின் வெள்ளைப் படிவு நச்சு இல்லை, துலக்குங்கள். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் பிறந்த நாளிலிருந்தே வேலை செய்கின்றன. முடி கொட்டுவதற்கும் இந்தப் பன்னிரண்டு நாளுக்கும் தொடர்பே இல்லை. உணவால் முடி கொட்டுவதென்றால் அது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும்.

இதைப் படிக்கிற மற்ற தம்பதிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் விடப்போகிற ‘சின்ன ஆசை’களின் பட்டியலில் தினமும் இரவில் குடிக்கும் மது இருந்தால், அதுவும் அளவு அதிகமாக இருந்தால், ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். மருத்துவர் துணையோடுதான் அதை விட வேண்டும்.

சரி, மீதி நாட்களை என்ன செய்வது? தொடருங்கள். நீங்கள் இந்தக் கட்டுப்பாட்டை அப்படியே தொடரலாம், தடையில்லை. அவர் மட்டும் மருத்துவர் மாத்திரையைத் திருத்திய பிறகு உங்களோடு சேர்ந்துகொள்ளட்டும். இனிப்பையும் பிஸ்கட்டையும் நிரந்தரமாகக் குறைத்தால் அந்த மாத்திரையின் அளவே குறைய வாய்ப்பிருக்கிறது, சிலருக்கு அது தேவைப்படாமலேகூடப் போகும். மருத்துவர்கள் சந்தோஷமாகக் குறைத்து எழுதுகிற மருந்து இது. அவர் தலைமாட்டில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். இந்த மாதம் எதை விட்டாலும், சர்க்கரை இறங்கும்போது அந்தக் குளுக்கோஸை எடுப்பது தோல்விக் கணக்கில் வராது என்று இருவரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குப் பயந்துகொண்டு வியர்வையோடு அப்படியே படுத்திருப்பார்.

அவரை எப்படி நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். அவர் உங்களுக்குக் கொடுத்த வாக்கை மீறவில்லை. இன்று இரவு சாப்பிட உட்காரும்போது அதை அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்; நான்கு நாளாகத் தன்னைக் குற்றவாளி என்று நினைத்துக்கொண்டிருப்பவர் அவர். அப்புறம் கருவியையும் அலாரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படுங்கள். காலையில் மருத்துவரிடம் போகும்போது 3 மணி அளவை எழுதிய தாளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.