சிறு பண்ணைக்குச் சாதுவான, அழகான மாட்டினம் எது?

இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது, வீட்டில் சிறு குழந்தைகள் இருக்கிறார்கள், வீட்டுத் தேவைக்குப் பால் கிடைத்தால் போதும், சாதுவாகவும் பார்க்க அழகாகவும் இருக்கும் இனம் எது என்று கேட்டிருக்கிறீர்கள். பல ஆண்டுகளாக மாடுகளோடு புழங்கி வருவதால், என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த இனம் என்பதை உங்கள் இடத்து வெயிலும் குளிரும் முடிவு செய்யட்டும். சாதுவான குணத்தை மட்டும் இனத்தின் பெயரில் தேடாமல், நீங்கள் வாங்கப்போகிற அந்த ஒரு மாட்டிடமும், முடிந்தால் அதன் தாயிடமும் தேடுங்கள்.

வெப்பம் மிகுந்த இடம் என்றால் திமில் உள்ள இனங்களைத் தாண்டி யோசிக்கத் தேவையில்லை. தளர்ந்து தொங்கும் தோல், குட்டையான மயிர், அதிகமான வியர்வைச் சுரப்பிகள் ஆகியவற்றால் அவை சூட்டைத் தாங்குகின்றன. உண்ணித் தொல்லையையும் சீமை மாடுகளைவிட நன்றாகச் சமாளிக்கின்றன. அவற்றில் நான் முதலில் சொல்வது குஜராத்தைச் சேர்ந்த கிர் இனத்தைத்தான். முன்னோக்கிப் புடைத்த அகன்ற நெற்றியும், சுருண்ட இலையைப் போல் தொங்கும் நீண்ட காதுகளும், பின்னோக்கி வளைந்து செல்லும் கொம்புகளும், செந்நிறம் படர்ந்த உடலுமாக அது நிற்கும்போது வேறு எந்த மாட்டோடும் அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. பொதுவாக மனிதர்களோடு எளிதாகப் பழகக்கூடிய இனம், பாலும் தரும். பிரேசில் நாட்டினர் இந்த இனத்தைக் கொண்டுபோய்ப் பெருக்கி, ஹோல்ஸ்டீன் என்ற சீமைக் கறவை இனத்தோடு கலந்து ஜிரோலாண்டோ என்ற கறவை இனத்தை உருவாக்கியதற்கு, வெப்பத்தைத் தாங்கிக்கொண்டே பால் கறக்கும் அதன் இயல்புதான் காரணம்.

இடமும் தீவனமும் குறைவு என்றால் கேரளத்தின் வெச்சூர் இனத்தைப் பாருங்கள். உயரம் 90 செ.மீ. அளவிலும், எடை 130 கிலோ அளவிலும் இருக்கும் இந்தக் குட்டை மாடு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் பால் தரும். ஒரு வீட்டுக்கு அது தாராளமாகப் போதும். கலப்பினப் பெருக்கத்தால் ஏறக்குறைய மறைந்துபோன இந்த இனத்தை 1980களின் இறுதியில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் சோசம்மா ஐப் தேடித் தேடிச் சேர்த்து மீட்டெடுத்தார். அதற்காக 2022ஆம் ஆண்டில் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. உடல் சிறியது என்பதாலேயே குணமும் மென்மையாக இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆள் பழக்கமில்லாமல் மேய்ச்சலிலேயே வளர்ந்த குட்டை மாடு, தொழுவத்தில் கை பட்டு வளர்ந்த பெரிய மாட்டைவிட அதிகமாக மிரளும்.

காங்கேயத்தைப் பற்றியும் நீங்கள் யோசித்திருப்பீர்கள். பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும் கன்று ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறுவதை அருகிலிருந்து பார்ப்பது தனி இன்பம். ஆனால் அது உழைப்புக்காக உருவான இனம். துடிப்பு அதன் இயல்பு, பால் குறைவு. பர்கூர் மலைமாடும் செந்நிறத்தில் வெள்ளைத் திட்டுகளோடு மிக அழகாக இருக்கும். ஆனால் மலைக்காட்டு மேய்ச்சலில் வளர்ந்த அதன் வேகமும் முரட்டுத்தனமும் பெயர்பெற்றவை. முதல்முறை மாடு வளர்ப்பவர், அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில், அதிலிருந்து தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து.

குளிரான இடத்தில் இருக்கிறீர்கள் என்றால் வேறு பட்டியல். அயர்லாந்தின் டெக்ஸ்டர் சுமார் ஒரு மீட்டர் உயரமே உள்ள, கறுப்பு, சிவப்பு, மங்கிய பழுப்பு ஆகிய நிறங்களில் வரும் கச்சிதமான மாடு; பாலுக்கும் இறைச்சிக்கும் ஏற்றது என்பதால் சிறு பண்ணையாளர்கள் அதை விரும்புகிறார்கள். அதை வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். கால் மிகவும் குட்டையான டெக்ஸ்டர்களிடம் எலும்பு வளர்ச்சியைப் பாதிக்கும் ஒரு மரபணு இருக்கிறது. அதைச் சுமக்கும் பசுவும் காளையும் சேர்ந்தால், நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் உருக்குலைந்த கன்று இறந்தே பிறக்கும். மரபணுச் சோதனையில் இது தெரிந்துவிடும் என்பதால், சோதனை முடிவைக் காட்டாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். ஸ்காட்லாந்தின் தென்மேற்கிலிருந்து வந்த பெல்டட் கேலோவே, கறுத்த உடலின் நடுவில் வெள்ளைப் பட்டை கட்டியது போன்ற தோற்றத்தாலும், பிறவியிலேயே கொம்பில்லாமல் இருப்பதாலும் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் அது கறவை மாடு அல்ல. படங்களில் எல்லோரையும் மயக்கும் ஹைலேண்ட் மாட்டின் வெளிமயிர் 30 செ.மீ. வரை நீளும், அந்தப் போர்வையோடு அதை வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் வளர்ப்பது கொடுமை. பெரிய கண்களும் மெலிந்த முகமும் கொண்ட ஜெர்சிப் பசு பழகுவதற்கு இனியது, பாலில் கொழுப்பும் 5 சதவீதத்தை ஒட்டி இருக்கும். ஆனால் கன்று ஈன்றவுடன் சுண்ணாம்புச் சத்து திடீரெனக் குறைந்து வரும் பால் காய்ச்சல் அதற்கு மற்ற இனங்களைவிட அதிகம். எழ முடியாமல், கழுத்தை ஒருபக்கமாக மடித்துக்கொண்டு படுத்துவிட்டால் உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். தாமதித்தால் மாடு பிழைக்காது.

இனி குணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியின் உயிர் அதில்தான் இருக்கிறது. மிரளும் தன்மையில் ஒரு பகுதி பரம்பரையாக வருகிறது. மீதி, கன்றுப் பருவத்தில் அதைக் கையாண்ட விதத்தால் அமைகிறது. ஆகவே மாட்டைப் பார்க்கப் போகும்போது கறவை நேரத்தில் போங்கள். குளிப்பாட்டி, கட்டி, தீவனம் போட்டு நிறுத்திவைத்த மாட்டைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. அவிழ்த்துவிட்ட நிலையில், பின்பக்கமாக அல்லாமல் தோள்பக்கமாக மெதுவாக நெருங்குங்கள். மாட்டுக்குத் தன் வாலுக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது என்பதால், அங்கிருந்து வருகிறவரை எந்த மாடும் உதைக்கக்கூடும். எவ்வளவு நெருங்கியதும் அது விலகத் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். நல்ல மாடு தலையைத் திருப்பிப் பார்க்கும், மூக்கை நீட்டி உங்கள் கையை முகரும், பிறகு விட்ட இடத்திலிருந்து அசைபோடும். அலைதாடிக்கு அடியில் சொறிந்துகொடுத்தால் கழுத்தை நீட்டிக் கொடுக்கும். தலையை உயர்த்தி, கண்ணின் வெள்ளை தெரிய விழித்து, வாலை உடலோடு ஒடுக்கிக்கொண்டு நிற்கும் மாடு அச்சத்தில் இருக்கிறது. அது எவ்வளவு அழகாக இருந்தாலும் அன்று வாங்க வேண்டாம். நான்கு காம்புகளையும் தொட்டு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கறந்து பாருங்கள்; கால் குளம்பைத் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். வேறு ஆளின் கைக்கு மாடு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

நெற்றிச் சுழியையும் பார்க்கலாம், ராசிக்காக அல்ல. கண்மட்டத்துக்கு மேலே சுழி அமைந்த மாடுகள், கீழே அமைந்தவற்றைவிட, அசையவிடாமல் பிடித்து நிறுத்தும்போது அதிகமாகப் பதறுகின்றன என்று அமெரிக்காவின் விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினும் அவரோடு பணியாற்றியவர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. அது ஒரு துணைக் குறிப்புதான். நேரில் பழகிப் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் காளை வேண்டவே வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். புட்டிப்பால் கொடுத்துச் செல்லமாக வளர்த்த காளைக்கன்றுதான் வளர்ந்தபின் மிகவும் ஆபத்தானது; மனிதரைக் கண்டு அதற்கு அச்சம் இருக்காது, தன் இனத்துப் போட்டியாளராகவே அவரைக் கருதி முட்ட வரும். சாதுவான பசுக்களுக்குப் பேர்போன ஜெர்சியின் காளைகள் மிகவும் மூர்க்கமானவை என்பதை மாடு வளர்ப்பவர்கள் அறிவார்கள். இரண்டு மூன்று பசுக்களுக்குச் சினை ஊசியே போதும். பிறக்கும் காளைக்கன்றுக்குக் காலத்தில் காயடித்துவிடுங்கள். கொம்பு விஷயத்திலும் முன்கூட்டியே முடிவெடுங்கள்: கொம்பில்லாத இனத்தை வாங்கலாம், அல்லது பிறந்த சில வாரங்களுக்குள் மருத்துவரைக் கொண்டு, மரத்துப்போகும் ஊசி போட்டுக் கொம்புக் குருத்தைத் தீய்த்துவிடலாம்.

ஒற்றை மாடாக வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பிராணி தனியாக இருந்தால் கத்தும், வேலியை முட்டும், சாதுவான மாடும் நிலைகொள்ளாமல் தவிக்கும். இரண்டு மாடு வாங்கினால் தீவனம் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போடுங்கள்: உடல் எடையில் ஏறத்தாழ 2.5 முதல் 3 சதவீதம் உலர்பொருளாக, அதாவது ஈரத்தைக் கழித்த தீவன எடையாக, ஒரு நாளைக்கு வேண்டும். 400 கிலோ பசுவுக்கு அது 10 முதல் 12 கிலோ. வெச்சூர் மாட்டுக்கு 4 கிலோவுக்குள் முடிந்துவிடும். இரண்டு ஏக்கரில் பசுந்தீவனமும் பயிரிட வேண்டும் என்னும்போது, சிறிய இனத்தின் பக்கம் நான் சாய்வதற்கு இதுவே பெரிய காரணம்.

இன்னும் கன்று ஈனாத கிடேரியை வாங்கிப் பழக்கலாம் என்ற ஆசையை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு ஏற்றது இரண்டாம் அல்லது மூன்றாம் ஈற்றுப் பசு. கன்றோடு சேர்த்து வாங்குங்கள். திமில் உள்ள பசுக்கள் பலவும் கன்று முட்டினால்தான் பால் விடும், கன்றைப் பிரித்தால் அடக்கிக்கொள்ளும். வாங்குமுன் கருச்சிதைவு நோய் (புருசெல்லோசிஸ்), காசநோய், மடிநோய் ஆகியவற்றுக்கான சோதனைகளைச் செய்துவிடுங்கள். முதலிரண்டும் பால் வழியாக மனிதருக்கும் பரவக்கூடியவை.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது பழைய இடத்தில் தின்றுகொண்டிருந்த தீவனத்தில் சில நாள்களுக்கு ஆகும் அளவைக் கேட்டு வாங்கி வந்து, புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்து மாற்றுங்கள். முதல் சில வாரங்களுக்கு ஒரே ஆள், ஒரே நேரத்தில், சத்தம் போடாமல் கறக்கட்டும். மிரண்ட மாட்டின் உடலில் சுரக்கும் அட்ரினலின், பாலை இறங்கவிடும் ஆக்சிடோசினைத் தடுத்துவிடும் என்பதால் தொடக்கத்தில் பால் குறைவது இயல்பு. அதற்காக அடிக்கவோ அதட்டவோ கூடாது. குழந்தைகள் அதுவரை வேலிக்கு வெளியே நின்று புல் நீட்டிப் பழகட்டும்.