யார் வீட்டு வழி?

அண்ணாச்சி,

எங்கள் ஏழு மாதக் குழந்தைக்கு ஓயாத வயிற்றுப்போக்கு, நெஞ்சுச்சளி, எடை ஐந்து கிலோவைத் தாண்டவில்லை. எம்ஹெச்சி இரண்டாம் வகைக் குறைபாடு என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஜீன் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் பழுது என்கிறார் டாக்டர். புரியவில்லை. பிறந்ததும் போட்ட பிசிஜி ஊசியால் வந்ததா? நாட்டு மருந்து பார்க்கலாமா? நான் கட்டியது மாமன் மகளை. அவள் வீட்டு வழி என்கிறாள் அம்மா.

– ஒரு வாசகர், தக்கலை

தம்பி,

ஊசியால் வந்ததில்லை. ஆனால் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு பிசிஜி போல உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி ஆபத்தாகலாம்; அடுத்த குழந்தை என்றால் ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நாட்டு மருந்தை விடுங்கள். எலும்பு மஜ்ஜை மாற்று பற்றி இன்றே கேளுங்கள்.

ஸ்விட்ச் எதற்கு, நமக்குப் பேச்சிப்பாறை போதும். அணையில் தண்ணீர் இருக்கிறது, கால்வாயில் உடைப்பில்லை, ஷட்டரைத் தூக்க ஆளில்லை, வயல் காய்கிறது. கிருமியின் துண்டை, அதை எதிர்க்கும் வெள்ளணுவான டி செல்லுக்கு எடுத்துக்காட்டும் புரதம்தான் ரிப்போர்ட்டில் உள்ள எம்ஹெச்சி இரண்டாம் வகை. அதன் ஜீன்கள் ஆறாவது குரோமோசோமில் பத்திரமாகத்தான் இருக்கின்றன. திறக்க நாலு பேர், அதாவது வேறு நாலு புரதங்கள், வேண்டும். ஆர்எஃப்எக்ஸ் கூட்டத்தில் மூன்று பேர் டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ள, 1993-இல் ஜெனீவாவில் கண்டுபிடித்த சிஐஐடிஏ டிஎன்ஏவைத் தொடாமலே அவர்கள்மேல் வந்து உட்காரும். ஒருவர் வராவிட்டாலும் ஷட்டர் தூக்காது.

நாலு பேர் என்று எப்படித் தெரிந்தது? வெவ்வேறு குடும்பத்து நோயாளிகளின் செல்களை ஆய்வகத்தில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார்கள். சில ஜோடிகளில் புரதம் திரும்ப வந்துவிட்டது, இவனிடம் இல்லாதது அவனிடம் இருந்ததால்.

சொந்தத்தில் கட்டினால் இரண்டு பக்கமும் ஒரே ஆள் வராமல் போகலாம். உங்கள் அம்மாவும் மாமாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். அந்த நாலு பேரில் ஒருவரை உருவாக்கும் ஜீனில் தாத்தாவிடமோ பாட்டியிடமோ இருந்த ஒரு பழுது, பெரும்பாலும் அம்மா வழியாக உங்களுக்கும் மாமா வழியாக உங்கள் மனைவிக்கும் வந்திருக்கும். ஒற்றைப் பழுதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால்தான் நோய். ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. 'அவள் வீடு' என்று அம்மா கைகாட்டுவது அவர் பிறந்த வீட்டைத்தான் ஐயா! அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாயில்லாமல் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

கோபப்படுகிறேன், சரி. குலசேகரத்தில் என் சித்தி ஒருத்தி, அவளையும் அத்தை மகனுக்குத்தான் கொடுத்தார்கள். மூன்று பிள்ளைகள், ஒன்றும் ஒரு வயதைத் தாண்டவில்லை. என்ன நோயென்று அன்று யார் பார்த்தார்கள். கல்யாண வீடுகளில் அவளை மணவறைப் பக்கம் விடமாட்டார்கள், புறவாசலில் சருவம் தேய்த்துக்கொண்டிருப்பாள். சித்தப்பா முன்வரிசையில் வெற்றிலை போட்டபடி இருப்பார், அவரை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவள் போனபிறகு பெட்டியைத் திறந்தால் ஒரு பவுடர் டப்பா, உள்ளே மூன்று வெள்ளி அரைஞாண். இரண்டு கறுத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது, அடிக்கடி எடுத்துத் தேய்த்திருப்பாள் போல.

குழந்தையின் எடையை எழுதியிருக்கிறீர்கள், டாக்டர் சொன்னதை, அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவி என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை.