மளிகைச் செலவும் குப்பைக் கட்டணமும்

கேள்வி: நாலு பேர் குடும்பம். மளிகைப் பணம் 20ஆம் தேதியே தீர்ந்துவிடுகிறது. இதில் சொத்து வரியோடு குப்பைக் கட்டணமும் வருகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: முதலில் ரேஷன் கடை. அரிசி அட்டைக்கு துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். இதை விட்டுவிட்டு வெளியில் வாங்கினால் பட்ஜெட் நிற்காது. தாளிக்க மட்டும் நல்லெண்ணெய் போதும்.

புளி, மிளகாய் வற்றல் இரண்டும் மாசி, பங்குனியில் புதுவரவு. ஆண்டுக்கு வேண்டியதை அப்போதே வாங்குங்கள். புளியைக் கொட்டையும் நாரும் நீக்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைக்கவும். அரைகுறையாகக் காய்ந்தால் பூசணம் பிடிக்கும். மிளகாயை உடைத்தால் சடசடவென நொறுங்க வேண்டும். பருப்பை மட்டும் இரண்டு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், வண்டு வைத்துவிடும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறைதான். குப்பைக் கட்டணத்தையும் கூட்டி ஆறால் வகுத்து, மாதாமாதம் தனியே எடுத்து வையுங்கள். ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு; உச்சவரம்பு 5,000 ரூபாய். வாடகை வீடா? குப்பைக் கட்டணம் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய பேப்பர், பால் கவரைக் குப்பையில் போடாமல் சேர்த்து எடைக்குப் போடலாம். காசு சிறிதுதான், ஆனால் கறிவேப்பிலை கொத்தமல்லிக்கு ஆகும்.