மகள் அரசியல் அறிவியல் எடுக்கிறேன் என்கிறாளா?

பிளஸ் டூவில் எந்த குரூப் படித்திருந்தாலும் பி.ஏ. அரசியல் அறிவியலில் சேரலாம். பயாலஜி படித்துவிட்டு இதற்கு வருகிறாளே, படித்ததெல்லாம் வீணா என்று பல பெற்றோர் கவலைப்படுகிறார்கள். வீணில்லை. முதல் செமஸ்டரில் எல்லோருக்குமே இது ஏறக்குறையப் புதுப் பாடம்தான்.

பெரிய குழப்பம் ஐ.எஃப்.எஸ். எனப்படும் இந்திய வெளியுறவுப் பணி பற்றியது. வெளியுறவுப் பணிக்கென்று தனித் தேர்வு கிடையாது. யு.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வில் இருந்தே ஆள் எடுக்கிறார்கள். எந்தப் பட்டமும் போதும். மெயின்ஸ் எழுத்துத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் விருப்பப் பாடத்துக்கு 500. ‘அரசியல் அறிவியல், சர்வதேச உறவுகள்’ என்ற விருப்பப் பாடத்தை இன்ஜினியரிங் முடித்தவர்களும் எடுக்கிறார்கள். அதையே பட்டமாகப் படித்தவருக்குக் கிடைப்பது மூன்றாண்டு நிதானமான வாசிப்பு. கூடவே பொது அறிவு இரண்டாம் தாளில் பாதி வேலை முடிந்துவிடும். இது நல்ல லாபம்தான், ஆனால் வேலைக்கு உத்தரவாதம் அல்ல. முதல் வருடத்திலேயே கோச்சிங்கில் சேர்ந்து கல்லூரி வகுப்பைக் கோட்டை விடுகிற பிள்ளைகள்தான் கடைசியில் மாட்டிக்கொள்கிறார்கள். தேர்வும் கைகூடாது, நல்ல எம்.ஏ. இடத்துக்கான மதிப்பெண்ணும் இருக்காது.

சென்னையில் மாநிலக் கல்லூரி, கிறித்தவக் கல்லூரி போன்ற பழைய துறைகள் இருக்கின்றன. அரசு கலைக் கல்லூரிகளுக்கு ஒரே இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணமும் மிகக் குறைவு. டெல்லி பல்கலைக்கழகம் என்றால் சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதற்கான விண்ணப்பம் பொதுத்தேர்வுப் பரபரப்பு நடக்கும் மாதங்களிலேயே திறந்து மூடிவிடும். ரிசல்ட் வந்த பிறகு விசாரிப்பவர்களுக்கு அந்த வருட வாய்ப்பு போய்விட்டது என்றே பொருள். பிளஸ் டூவில் படித்த பாடங்களிலேயே தேர்வு எழுத வேண்டும் என்பது டெல்லி பல்கலைக்கழக விதி. ஆகவே சயின்ஸ் மாணவி தன் சயின்ஸ் பாடங்களை எழுதியே அங்கு அரசியல் அறிவியல் கேட்கலாம்.

வருடத்துக்குப் பல லட்சம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகங்கள் ‘சர்வதேச உறவுகள்’ என்று பி.ஏ.வுக்கே பெயர் வைத்திருக்கின்றன. கடன் வாங்கி அங்கே சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. இளங்கலையில் அரசியல் அறிவியல், முதுகலையில் சர்வதேச உறவுகள் என்று போனால் செலவும் குறைவு, அடித்தளமும் அகலமாக இருக்கும். எம்.ஏ.வுக்கு புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகமும், டெல்லி ஜே.என்.யு.வின் சர்வதேசக் கல்விப் பள்ளியும் சி.யு.இ.டி. முதுகலைத் தேர்வு வழியாகச் சேர்க்கின்றன.

பட்டத்தின் பெயர் விஷயத்தில் கவனம் தேவை. ஆசிரியர் பணிக்கு அறிவிப்பில் உள்ள பாடப் பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும்; இல்லையென்றால் இரண்டு பட்டமும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணையைத் தேடி அலைய நேரும். இன்னொன்று, தமிழ்நாட்டில் வரலாறு படித்தவர் பி.ஏ. முடித்ததும் பி.எட். சேரலாம், அரசியல் அறிவியல் படித்தவர் எம்.ஏ.வும் முடித்திருக்க வேண்டும். டீச்சர் வேலையை மனதில் வைத்திருக்கும் குடும்பங்கள் மூன்று வருடம் அல்ல, ஏழு வருடம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கல்லூரிப் பேராசிரியர் ஆக எம்.ஏ.வில் 55 சதவீதமும் (இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் (தேசிய அளவு) அல்லது செட் (மாநில அளவு) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும். நெட்டில் ‘அரசியல் அறிவியல்’ தனி, ‘சர்வதேச மற்றும் பிராந்திய ஆய்வுகள்’ தனி. நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளில் மாதம் 37,000 ரூபாய் வரும்.

சரி, வகுப்பில் என்னதான் நடக்கும்? கச்சத்தீவை எடுத்துக்கொள்வோம். டீக்கடையில் பேசுவதற்கு ‘தாரை வார்த்துவிட்டார்கள்’ என்ற ஒரு வரி போதும். மாணவி 1974 ஒப்பந்தத்தையே எடுத்துப் படிக்க வேண்டும். இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் முன்போலவே தீவுக்குப் போய்வரலாம் என்கிறது ஐந்தாவது பிரிவு. மீன்பிடி உரிமை என்ற வார்த்தை அதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 1976இல் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதம் எதை மூடியது, மாநில அரசுக்கு இதில் குரல் உண்டா, இரட்டைமடி வலையால் இலங்கை வடபகுதித் தமிழ் மீனவர்களுக்கு என்ன நஷ்டம் என்று நாலு பக்கமும் திருப்பிப் பார்த்து 150 வார்த்தையில் எழுத வேண்டும். இது பிடித்தால் படிப்பு பிடிக்கும். டிவி விவாதம் பார்ப்பதில் மட்டும் ஆர்வம் என்றால் இரண்டாம் வருடம் சலித்துவிடும். சேருவதற்கு முன் இப்படி ஒரு பக்கம் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

பட்டத்தோடு இரண்டு கைத்தொழில் வேண்டும். ஒன்று, புள்ளிவிவரம்: எக்செல், சர்வே வடிவமைப்பு, முடிந்தால் ஆர் மென்பொருள். தேர்தல் வியூக நிறுவனங்களும் கொள்கை ஆய்வு அமைப்புகளும் முதலில் கேட்பது இதைத்தான். (தேர்தல் வேலை சீசன் வேலை, வாக்கு எண்ணி முடித்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.) இரண்டு, ஒரு வெளிநாட்டு மொழி. ஏ1 என்ற தொடக்க நிலைச் சான்றிதழோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. ஓரளவு சரளமாகப் பேசி எழுதும் பி2 நிலை வரை போக வேண்டும், அதற்கு இரண்டு, மூன்று வருடம் ஆகும் என்பதால் முதல் வருடமே தொடங்க வேண்டும். எம்.பி. ஒருவரிடம் ஏறக்குறைய ஓராண்டு ஆய்வு உதவியாளராக இருக்கும் லேம்ப் ஃபெல்லோஷிப்புக்குப் பட்டம் போதும், வயது 25க்குள். இளைஞர்களை அரசுத் திட்டப் பணிகளில் ஈடுபடுத்தும் தமிழ்நாடு முதலமைச்சர் புத்தாய்வுத் திட்டத்துக்கு வெறும் பி.ஏ. போதாது, எம்.ஏ.வில் முதல் வகுப்பு வேண்டும்.

கடைசியாக, பயிற்று மொழி. டி.என்.பி.எஸ்.சி.யில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. ஆனால் 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை முழுக்கத் தமிழ்வழி என்றால்தான் அது செல்லும். நடுவில் இரண்டு வருடம் ஆங்கிலவழி படித்திருந்தாலும் சலுகை போய்விட்டது, பி.ஏ.வை ஆங்கிலத்திலேயே படிக்கட்டும். நெட் எழுத எப்படியும் ஆங்கிலமோ இந்தியோ வேண்டும். முழுக்கத் தமிழ்வழி என்றால் கல்லூரியிலும் தமிழ்வழியையே தேர்ந்தெடுங்கள், தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படிக்கும் பழக்கத்தோடு. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்றை இந்த விடுமுறையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.