இறுகிய பனியில் நடந்தால் பனிச்சரிவு வராதா?

தர்மபுரியிலிருந்து மார்ச்சில் மணாலிப் பக்கம் மலையேறப் போகிறேன், மேலே பனி கெட்டியாக இருந்தால் பயமில்லைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கெட்டிப் பனியில்தான் ஆபத்தே. நம்ம ஊரில் சாய்ந்த பாறையில் கேழ்வரகைக் கொட்டி, அதன்மேல் ஒரு பலகைக்கல்லை வைத்தால் நிற்குமா? லேசாகத் தட்டினாலே வழுக்கிவிடும். பனியிலும் அதே கதைதான்: இறுகிய அடுக்குக்கு அடியில் சர்க்கரை மாதிரி ஒட்டாத படலம் ஒன்று கிடக்கும். 30 முதல் 45 டிகிரி சாய்வுகளில் இப்படிச் சரிவது அதிகம். பெரும்பாலும் சிக்கியவரோ கூட வந்தவரோ வைத்த காலடிதான் அதைக் கிளப்பிவிடுகிறது.

காலடியில் 'உம்ப்' என்று அமுங்கும் சத்தம் வந்தாலோ, பனியில் விரிசல் ஓடினாலோ தயவுசெய்து திரும்பிவிடுங்கள். அப்புறம், புதிதாகப் பனி கொட்டிய மறுநாள் செங்குத்தான பக்கம் போகவே வேண்டாம்.