திருவக்கரையில் படுத்திருக்கும் மரங்கள்

கேள்வி: ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் புதுச்சேரியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, ஊசுடு ஏரி, பத்துக்கண்ணு, திருக்கனூர் வழியாகத் திருவக்கரை கல்மரப் பூங்காவுக்குச் சென்றேன். வயல்களும் புளிய மர நிழலுமாக வழியெல்லாம் மனம் குளிர்ந்தது. போய்ச் சேர்ந்த இடத்தில் வெயிலில் கிடந்த சில கட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. பத்து நிமிடத்தில் திரும்பிவிட்டேன். 30 கிலோமீட்டர் மிதித்துப் போய்ப் பார்க்க அங்கே என்னதான் இருக்கிறது?
(வாசகர், லாசுப்பேட்டை)

பதில்: உங்கள் ஏமாற்றத்தில் பாதி, ‘பூங்கா’ என்ற சொல் செய்த வேலை. அந்தப் பெயரைக் கேட்டுப் போகிறவர் நிற்கும் மரங்களைத் தேடுவார். அங்கே இருப்பவையோ கல்லாக மாறி, சுமார் 2 கோடி ஆண்டுகளாகப் படுத்துக் கிடக்கும் மரங்கள். மேலும், 1940-இல் அமைக்கப்பட்ட இப்பூங்காவின் 247 ஏக்கர் ஒன்பது துண்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது. அதில் சிறு பகுதிக்குள் மட்டுமே பார்வையாளர்களை விடுகிறார்கள். மொத்தம் 200 அளவில் உள்ள கல்மரங்களில் நீங்கள் பார்த்தவை சிலவே.

அவற்றைக் கட்டை என்று நீங்கள் எழுதியதில் தவறில்லை. அப்படித் தோன்றுவதுதான் அவற்றின் சிறப்பு. மணலிலும் சேற்றிலும் புதைந்த மரத்துக்குள் நிலத்தடி நீரில் கரைந்த சிலிக்கா மெல்ல ஊறி, மரத்தின் நுண்ணறைகளில் படிந்து, வடிவம் கெடாமல் அதைக் கல்லாக்கிவிட்டது. அதனால்தான் வெட்டுமுகத்தில் வளையங்களும், பக்கவாட்டில் கணுக்களும் இன்றும் தெரிகின்றன. மழை பெய்த மறுநாள் போனால், நனைந்த கல்லில் அந்த வரிகள் இன்னும் துலக்கமாகத் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் ஒரே சாம்பல்தான்.

இன்னொன்றையும் கவனித்திருக்கலாம். எந்த மரத்திலும் கிளையோ இலையோ வேரோ இல்லை. அவை அங்கேயே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ பெருவெள்ளம் உருட்டிக்கொண்டு வந்து போட்டவை என்று நிலவியலாளர்கள் முடிவு செய்ததற்கு அதுவே காரணம். அவற்றில் புளி, மா ஆகியவற்றின் உறவு மரங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். வழியில் உங்களுக்கு நிழல் தந்தவற்றின் பங்காளிகளைத்தான் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

ஆனாலும் இதற்காக மட்டும் 30 கிலோமீட்டர் மிதிக்கச் சொல்ல மாட்டேன். அருகிலேயே சந்திரமௌலீசுவரர் கோயிலும், அதற்குள் வக்கிரகாளியம்மன் சந்நிதியும் உள்ளன. சோழ அரசி செம்பியன் மாதேவியார் கற்றளியாக எழுப்பிய கோயில் அது. பௌர்ணமியன்று கூட்டம் மிகுதி, சைக்கிளுக்கு அன்று வேண்டாம். சுற்றிலும் கல்குவாரிகள் இருப்பதால், டிப்பர் லாரிகள் ஓடத் தொடங்கும் முன்பே போய்ச் சேருங்கள்.

கேள்வி: சாத்தனூர் கல்மரமும் இப்படித்தானா?
(வாசகி, அரியலூர்)

பதில்: அங்கே காண்பதற்கு ஒரே மரம்தான், ஆனால் 18 மீட்டர் நீளம். பெரம்பலூர் மாவட்டத்தின் அந்தப் பகுதிவரை கடல் பரவியிருந்த, 6.6 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய கிரெட்டேசியக் காலத்து மரம் அது. திருவக்கரை மரங்கள் அதற்குக் கொள்ளுப் பேரன் வயதுகூட ஆகாதவை. கோடையில் அந்தக் கரிசல் வெளியில் நிழல் அரிது; தண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள்.